அட்டைக்குள் வெட்டுக்குறி

வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டேகால் ஆனதும் நுஹ்மான் ஹாஜியார் தன் அச்சகத்தின் இரும்புக் கதவைப் பாதிவரை இறக்கிவிடுவார். அவரும் மெஷின் ஓட்டும் பஸீரும் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார்கள். இரண்டு மணிவரை உள்ளே ஸஜீதா ஒருத்திதான். மாத்தளைக் கடைத்தெருவில், ஒன்பது வருட வேலையில், அவளுக்கு வாய்த்த ஒரே தனிமை அது. சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவாள். லுஹர் தொழுவாள். மிஞ்சிய நேரத்தில் மடித்த தாள்களை அடுக்குவாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பார்சலைத் தொடவில்லை. கட்டிங் மெஷினுக்குப் பக்கத்துப் பலகையில் இருந்த அறுநூறு அட்டைகளின் முன்னால் நின்றாள். போகும்போது பஸீர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "வந்த ஒடனே இத வெட்டிடலாம். நீ உள்பக்கத்த அடுக்கி வை, புள்ள."

அவர் வெட்டப்போகும் இடம் பிழை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதைவிட, காலையிலிருந்து அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சொல்வதற்கு வாய் வரவில்லை.

வாய் வராதது அவளுக்குப் புதிதில்லை. வரகாமுறையில் பிறந்தவள். எட்டாம் வகுப்பில் இருந்தபோது வாப்பா லொறியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்தார். உம்மா அடுத்த வீடுகளுக்கு மா இடிக்கப் போனதால், வாப்பாவைப் பார்க்க ஆள் வேண்டும் என்று இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். படித்த காலத்திலும் வகுப்பில் கடைசி வாங்கில்தான் உட்காருவாள். கேட்ட கேள்விக்கு விடை தெரியும். எழுந்து நின்றால் தொண்டை அடைத்துவிடும். கல்யாணம் செய்துபோன வீட்டில் ஏழு வருடம் இருந்து, கணவன் காய்ச்சலில் மௌத்தானபின் மகளோடு திரும்பி வந்தபோது, "அந்தப் புள்ளட குரல் எப்பிடி ஈக்கும்னே எனக்குத் தெரியா" என்று மாமி ஒருத்தி சொன்னாளாம்.

பேசாதவர்களுக்குக் கண் கூர்மை. அச்சகத்தில் தாள் மடிப்பதும் அடுக்குவதும் பின் அடிப்பதும் வெட்டித் தள்ளிய துண்டுகளைக் கூட்டி அள்ளுவதும் அவள் வேலை. ஒரு தாள் நூலளவு சாய்ந்திருந்தால் மடிக்கும்போதே கை சொல்லிவிடும். ஆனால் கண்டதைச் சொல்லாமல் விட்டதால் போன மாதம் ஒரு வினை வந்தது. ஒரு பாடசாலையின் பரீட்சைத் தாள் முந்நூறு பிரதி. நடுப்பக்கம் தலைகீழாக அச்சாகியிருந்ததை முதல் பிரதியிலேயே கண்டாள். பஸீர் கொடுத்தது, அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் அடுக்கினாள். பாடசாலைக்காரர் வந்து கத்தினார். அடுக்கியது யார் என்று பார்த்தபோது இவள் பெயர்தான் வந்தது. ஹாஜியார் உரத்துப் பேசாதவர். அன்றும் மெதுவாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவ ஒன் கையால பிழ வந்தா நீ வீட்டோட இருந்துக்கம்மா." மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். வீட்டோடு இருப்பது என்றால் என்னவென்று ஸஜீதாவுக்குத் தெரியும்.

இப்போது முன்னால் இருப்பது ஒரு சஞ்சிகையின் முன் அட்டை. 'அதிர்' என்று பெயர். நகரத்துப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கும் நிரஞ்சலா டீச்சர் நடத்தும் இசைச் சஞ்சிகை, இதுதான் முதல் இதழ். மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் வெளியீடு. அட்டை போட்ட தடித்த பழுப்புத் தாளை டீச்சரே கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தார். அறுநூறுக்கு மேல் ஒரு தாள்கூட மிச்சமில்லை. டீச்சரோ காலை பஸ்ஸில் பல்லேகமவுக்குப் போயிருந்தார். காட்டோரச் சேனைப் பயிரின் காவல் குடிசையில் இருந்து யானை வராமல் விடிய விடியப் பாடும் ஆட்கள் இரண்டு பேரை விழாவுக்கு அழைத்து வரப் போன பயணம். மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவார்.

ஸஜீதா ஒரு அட்டையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

இசைச் சஞ்சிகை என்றால் அட்டையில் ஒரு பாட்டுக்காரரின் முகம் இருக்கும். இல்லாவிட்டால் வீணை, மத்தளம் ஏதாவது இருக்கும். பெயர் மேலே கொட்டை எழுத்தில் நிற்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. நடுவில் கறுப்பு வெள்ளையில் ஒரு பெண்ணின் கை, தட்டுவதற்கு ஓங்கிய உள்ளங்கை. கீழே மேளமும் இல்லை, ஒன்றும் இல்லை. கையைச் சுற்றி நாலு மூலையிலும் மெல்லிய கோடுகள். பக்கத்துக்கு ஒன்றாக, வட்டத்துக்குள் சிலுவை போட்ட குறிகள். கீழ்க் கோட்டுக்கு வெளியே சின்னச் சின்ன நிறச் சதுரங்கள். இடது ஓரத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் செங்குத்தாக ஒரு வரி: 'அதிர் – முதல் இதழ் – நாலு நிறம் – 600.'

அச்சகத்தில் வேலை செய்யாதவர் இதைப் பார்த்தால் ஏதோ கோலம் என்பார். அச்சகத்துக்காரருக்கோ இவை எல்லாம் தினமும் காணும் முகங்கள். மூலைக் கோடு என்றால் அங்கே வெட்ட வேண்டும். வட்டக்குறி என்றால் நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்கு. நிறச் சதுரம் மையின் அளவு பார்ப்பதற்கு. ஓரத்து வரி பிளேட் செய்கிறவர் எந்த வேலை என்று தெரிவதற்குப் போட்டு வைப்பது. வெட்டியபின் இவை அத்தனையும் குப்பை. ஹாஜியாரும் மாதிரித் தாளில் அடிமட்டம் வைத்து, மூலைக் கோட்டுக்கு மூலைக் கோடு அளந்து, அச்சகத்தின் வேலை அட்டையில் அங்குலக் கணக்கில் 'எட்டுக்கு எட்டு' என்று எழுதிவிட்டார். உள்பக்கங்களிலும் பாட்டுகள் நடுவில் சுருக்கமாக நின்றன, சுற்றிவர வெற்றிடம். எட்டுக்கு எட்டாக வெட்டினாலும் ஓர் எழுத்தும் போகாது.

ஆனால் தாளின் விளிம்பை ஒட்டி, இன்னொரு கூட்டம் மூலைக் கோடுகளும் வட்டக்குறிகளும் மங்கலாக இருந்தன. காலையில் பஸீர் அதைக் கண்டு சிரித்தார். "கண்டில பிளேட் அடிக்கிறவனுக்கு மூள கழண்டு போச்சு. ரெண்டு எடத்துல மார்க் போட்டு வச்சீக்கான்."

ஸஜீதா உள்ளே இருந்த வட்டக்குறியைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஒன்பது வருடமாக அவள் கூட்டி அள்ளிய துண்டுகளில் இந்தக் குறி ஆயிரக்கணக்கில் இருக்கும். எவ்வளவு சுத்தமாக ஓட்டினாலும் அதன் கோட்டோரத்தில் ஒரு சிவப்போ நீலமோ மயிரிழையாக எட்டிப் பார்க்கும். நாலு நிறம் ஏறிய இடம் அப்படித்தான். விளிம்பில் இருந்த மங்கல் குறியில் அந்தச் சிவப்பு இருந்தது. உள்ளே இருந்ததில் இல்லை. அது தனிக் கறுப்பு. மெஷினுக்காகப் போட்ட குறி அல்ல, யாரோ வரைந்தது.

சதுரங்களை எண்ணினாள். மை பார்க்கும் சதுரங்கள் வழக்கமாக இடைவெளியே இல்லாமல் வரிசையாக ஒட்டி நிற்கும். இங்கே மூன்று, ஓர் இடைவெளி, பிறகு நான்கு. விரலால் பலகையில் அப்படியே தட்டிப் பார்த்தாள். மூன்று, நான்கு. மூன்று, நான்கு. தேர் இந்தத் தெருவால் வரும்போது கடை வாசலில் நின்று கேட்ட மேளத்தின் அடி அது. நிறத்தில் தாளம் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாகக் கை. பெருவிரலும் உள்ளங்கையும் கோட்டுக்குள் அடங்கியிருந்தன. சுண்டுவிரலும் மோதிர விரலும் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம் வெளியே நீண்டிருந்தன. உள் கோட்டில் வெட்டினால் இரண்டு விரலும் முட்டியோடு போகும். பெயர் போகும், தாளமும் போகும். யாரோ ஒருவர், வழக்கமாக வெட்டுகிற இடத்தில் வேண்டுமென்றே கோடு போட்டு, வழக்கமாகக் கூட்டித் தள்ளுவதையெல்லாம் அதற்கு வெளியே வைத்திருக்கிறார். அது தெரியவேண்டும் என்றால் கோட்டுக்கு வெளியேயும் தாள் இருக்கவேண்டும்.

டீச்சரின் இலக்கத்துக்கு அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. பல்லேகம இருக்கும் லக்கலப் பக்கம் போனால் போனுக்கு உயிர் இருக்காது. மூன்று தடவை அழைத்தாள். அதே குரல்.

இனி அவர்கள் வந்ததும் அவளே சொல்லவேண்டும். சொல்லவேண்டியதை மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தாள். "நானா, இத வெட்டாதீங்க." அவ்வளவுதான். மூன்று சொல், அதில் ஒன்று பஸீரை அண்ணனாக அழைக்கும் 'நானா'. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிழையாக இருந்தால்? அவள் சொன்னதால் வேலை நின்று, காலையில் சஞ்சிகை இல்லை என்று ஆனால்? அடுத்த பிழையும் அவள் கையால் என்றுதான் எழுதப்படும்.

இரண்டு மணிக்குக் கதவு மேலே ஏறியது. பஸீர் வந்த வேகத்தில் சேர்ட் கையை மடித்துக்கொண்டு மெஷினிடம் போனார். நூறு அட்டைகளை எடுத்து, நாலு பக்கமும் தட்டி ஒழுங்காக்கி, கத்திக்குக் கீழே தள்ளினார். உள் கோட்டுக்கு நேராகக் கத்தியின் அளவு முள்ளைத் திருப்பி வைத்தார்.

"நானா," என்றாள் ஸஜீதா.

"என்ன?"

கடைசி வாங்கிலிருந்து எழுந்து நின்றவள்போல், கையிலிருந்த தாளை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"என்னம்மா? சோறு திண்ட இல்லயா? மொகம் செத்துப் போய்க் கெடக்கு."

தாளை அமுக்கும் இரும்பு இறங்கத் தொடங்கியது. பஸீரின் இரண்டு கையும் இரண்டு பொத்தானை நோக்கிப் போயின. தன் மேசையடியில் நின்ற ஸஜீதாவின் முதுகுக்குப் பின்னால்தான் மெயின் சுவிட்ச். அவள் திரும்பவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடியைக் கீழே இழுத்தாள்.

மெஷின் நின்றது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

"போச்சு," என்றார் பஸீர். "வெட்டப் போற நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும்."

ஹாஜியார் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்து எழுந்து வந்தார். "எவ்வளவு நேரம்னு தெரியாதே. காலைல பத்து மணிக்கு புத்தகம் வேணுமே பஸீர்."

"நான் என்னத்த செய்ற ஹாஜியார்? கத்திய கையால இழுக்கவா?"

ஸஜீதா முக்காட்டின் மறைவில் போனை அமுக்கினாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். மறுபடியும். ஹாஜியார் வெளியே இறங்கி, அடுத்த போன் கடைக்குள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. கடைக்கார ஸப்ரியின் குரல் உள்ளேவரை கேட்டது: "கரண்டா? எனக்கு பேன் சுத்துதே ஹாஜியார்! பில் கட்ட மறந்திட்டீங்களோ?"

ஹாஜியார் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. நேராக மெயின் சுவிட்சை நோக்கி வந்தார். அதை மறைத்துக்கொண்டு ஸஜீதா நின்றாள்.

"கொஞ்சம் தள்ளும்மா."

அவள் தள்ளவில்லை. "நான்தான் நிப்பாட்டினேன்," என்றாள்.

பஸீர் மெஷினை விட்டு வந்து, "ஒனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

"அத வெட்டாதீங்க நானா. உள் கோடு வெட்டுறதுக்கு இல்ல. அது படம்."

"படமா? முப்பது வருஷமா மார்க் பார்த்து வெட்டுறேன். எது மார்க், எது படம்னு நீ எனக்கு சொல்லித் தாறியா?"

"விரல் வெளிய போகுது."

"படம் கோட்ட தாண்டித்தான் போகணும். இல்லாட்டி வெட்டினா ஓரத்துல வெறுந்தாள் தெரியும். இது கூடவா ஒனக்கு தெரியா?"

"அப்பிடின்னா நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போகணும். இது ரெண்டு விரல் மட்டும், ஒரு அங்குலம்." தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்தது. வட்டக்குறியில் சிவப்பு இல்லாததைச் சொன்னாள். சதுரங்களை மேசையில் தட்டிக் காட்டினாள். "பேரு வேற எங்கயும் இல்ல ஹாஜியார். அந்த ஓரத்துல மட்டும்தான். வெட்டினா பேரில்லாத புத்தகம்."

"அந்த வரி பிளேட்காரன் போட்டது," என்றார் பஸீர். "பேரு உள்ள மொதல் பக்கத்துல ஈக்கு. எட்டாம் வகுப்போட நின்டவ படத்துக்கு அர்த்தம் சொல்றா, நாங்க கேட்டுக்கிட்டு நிக்கிறம்! ஹாஜியார், நீங்கதானே எட்டுக்கு எட்டுன்னு எழுதினீங்க?"

அது ஹாஜியாருக்குத் தைத்தது. வேலை அட்டையை எடுத்துத் தன் கையெழுத்தையே பார்த்தார். மெஷினில் இருந்த தாள்களையும் பார்த்தார்.

"ரெண்டே ரெண்டு தாள் எடு பஸீர். கைக்கத்தியால ஒண்ணு உள்ள வெட்டு, ஒண்ணு வெளிய வெட்டு. டீச்சர் வந்து பார்த்துக்கட்டும்."

"ரெண்டும் நட்டம். காலைல புத்தகம் போகாது."

"டீச்சர் வார வரைக்கும் மெஷின் கத்தி எறங்காது." பிறகு ஸஜீதாவிடம், போன மாதம் பேசிய அதே மெல்லிய குரலில் சொன்னார்: "பஸீர் சொன்னதுதான் சரின்னா இந்த அரை நாள் வீணாப் போனதால விழாவுக்குப் புத்தகம் பிந்தும். அதுக்கு நான் டீச்சருக்குப் பதில் சொல்லணும். அப்ப நீ நாளைலருந்து வர வேணாம். சுவிட்ச போடு."

போட்டாள். மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

அதற்குப் பின் வந்த மூன்று மணித்தியாலங்கள்போல் நீண்ட பொழுதை அவள் வாப்பாவின் கட்டிலடியில்கூடக் கண்டதில்லை. உள்பக்கங்களை அடுக்கினாள், கை தானாக வேலை செய்தது. வெட்டிய இரண்டு அட்டைகளும் மேசைமேல் கிடந்தன. உள்ளே வெட்டியது வழக்கமான அட்டையைப்போல் ஒழுங்காக, கண்ணுக்கு நல்லதாகவே இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மூன்று விரல் கை என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. ஒருவேளை டீச்சருக்கு வேண்டியதும் இதுதானோ? கொழும்பில் யாரோ கெட்டிக்காரர் வரைந்ததற்கு, பரீட்சையே எழுதாத தான் என்ன அர்த்தம் கண்டாள்?

அஸர் பாங்கு சொன்னபின் ஹாஜியார் தொழப் போனார். பஸீர் அவளைப் பாராமல் மேசை இலாச்சியைத் திறந்து, அச்சுப் புள்ளி பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓர் அட்டையை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். உள்ளே இருந்த வட்டக்குறியின்மேல் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். பிறகு வெளி விளிம்புக் குறியில் வைத்தார். மறுபடி உள்ளே. அவருடைய முதுகு அப்படியே நின்றுவிட்டது. தாள்களின் இடுக்கால் ஸஜீதா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்டுவிட்டார். நிமிர்ந்து, கண்ணாடியை இலாச்சிக்குள் வைத்து, மூடி, வெளியே போய் ஒரு சிகரெட் பற்ற வைத்தார். ஹாஜியார் வந்தபின்னும் கண்டதைச் சொல்லவில்லை.

முப்பது வருடப் பேர். அவர் ஏன் சொல்வார் என்று அவள் நினைத்தாள். அவர் கண்டது அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஐந்தரைக்கு பஸ் வரவில்லை. ஆறு ஆனது. ஹாஜியார் இரண்டு தடவை தெருவுக்கு இறங்கிப் பார்த்தார். ஆறேகாலுக்கு, தூசி படிந்த சேலையோடு நிரஞ்சலா டீச்சர் ஓடி வந்தார். "வாற வழியில நாவுலயில டயர் போயிட்டு ஹாஜியார். பாட்டுக்கார ஆக்கள விடுதியில விட்டுட்டு வாறேன். புத்தகம் கட்டி முடிஞ்சுதா?"

யாரும் பதில் சொல்ல முன் அவருடைய கண் மேசைக்குப் போனது. உள்ளே வெட்டிய அட்டையைத்தான் முதலில் எடுத்தார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் இப்படி வெட்டிட்டீங்களா?"

"இல்ல டீச்சர், ஒண்ணே ஒண்ணு," என்றார் ஹாஜியார் அவசரமாக. "மத்தது அப்பிடியே ஈக்கு."

டீச்சர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. ஒரு நிமிஷம் உயிரே போயிட்டு. பிளேட் செய்த ஆளிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னனான். உங்களிட்டச் சொல்லாம விட்டது என்ர பிழை. உள்ள இருக்கிற கோடு வெட்டுறதுக்கு இல்ல. ஒலிப்பதிவுக்கு வராத ஆக்களின்ர பாட்டுத்தான் இதழ் முழுக்க. அதுதான் அட்டையிலயும் பேரையும் தாளத்தையும் கோட்டுக்கு வெளிய வச்சது." அவர் வெளியே வெட்டியதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இப்போதுதான் சிரித்தார். "இது வேற பிரஸ்ஸா இருந்தா இந்நேரம் எல்லாம் போயிருக்கும்."

"எங்கட ஆக்களுக்குக் கண் ஈக்கு டீச்சர்," என்றார் ஹாஜியார். "பார்த்ததும் ஏதோ விஷயம் ஈக்குன்னு விளங்கிட்டுது."

ஸஜீதா தலையைக் குனிந்து தாள்களைத் தட்டினாள். வேலை இருக்கிறது. அது போதும்.

"நாங்க பார்க்கல்ல ஹாஜியார்," என்றார் பஸீர்.

எல்லோரும் திரும்பினார்கள். பஸீர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார், துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் வெட்டப் போனேன் டீச்சர். பொத்தான்ல கை வச்சிட்டேன். இவதான் கரண்ட நிப்பாட்டினா. நான் ஏசினேன். பொறகு கண்ணாடி வச்சுப் பார்த்தேன், இவ சொன்னது சரி. அப்பயும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

டீச்சர் எழுந்து ஸஜீதாவின் மேசைக்கு வந்தார். "எப்படி அக்கா தெரிஞ்சது?"

ஸஜீதா அட்டையின் இடது ஓரத்து வரியைத் தொட்டுக் காட்டினாள். "பேரு வெளிய இருந்திச்சு டீச்சர்," என்றாள். "வெளிய இருக்கிறத நான்தானே கூட்டுறது. அதனால பார்த்தேன்."

டீச்சர் ஏதோ கேட்க வாய் எடுத்தார். ஹாஜியார் மணியைப் பார்த்தார். "பேசிக்கிட்டு நின்டா விடிஞ்சிரும். பஸீர், வெட்டு. ஸஜீதா, நீ இப்ப ரெண்டு மணித்தியாலம் நில்லு, நான் வேன்ல கொண்டு போய் விடுறேன். காலைல ஆறுக்கே வந்திரு, பின் அடிக்க ஆள் வேணும்." வேலை அட்டையில் எட்டுக்கு எட்டை அடித்துவிட்டு, மேலே புது அளவை எழுதினார்.

பஸீர் நூறு அட்டைகளைக் கத்திக்குக் கீழே தள்ளினார். விளிம்பின் மங்கல் கோட்டுக்கு முள்ளைத் திருப்பினார். பொத்தானில் கை வைக்கவில்லை.

"இங்க வா புள்ள. பார்த்துச் சொல்லு. சொன்னாத்தான் அமுக்குவேன்."

ஸஜீதா குனிந்து பார்த்தாள். மேல் பக்கம் சரி. வலது சரி. இடது பக்கத்தில், சின்ன எழுத்து வரி நிற்கும் ஓரத்தில், கத்தி ஒரு நூல் உள்ளே நின்றது.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் வெளிய நானா," என்றாள், மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி. "எழுத்துக்கு மூச்சு விட எடம் வேணும்."

பஸீர் முள்ளைத் தளர்த்தினார்.